நூறு மைலுக்கு ஒரு மணி நேரம்

விமானக் கம்பெனியில் டிஸ்பாட்ச் வேலைக்குப் படிக்க வருகிற பிள்ளைகளுக்கு நான் கொடுக்கும் முதல் கணக்கு திருச்சி–பலாலி. திருச்சி விமான நிலையத்திலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையம் எவ்வளவு தூரம், போய்ச் சேர எவ்வளவு நேரம்? இவ்வளவுதான் கேள்வி. இரண்டாவது நிமிடத்திலேயே விடை வந்துவிடும். கைப்பேசியில் தட்டினால் ஏறத்தாழ 184 கிலோமீட்டர் என்கிறது. ஏ.டி.ஆர். 72 விமானம் மணிக்கு 510 கிலோமீட்டர் போகும். வகுத்தால் 22 நிமிடம். டிக்கெட்டைப் பார்த்தால் ஏறத்தாழ ஒரு மணி நேரம் போட்டிருக்கிறது. யாராவது ஒரு பெண் கையைத் தூக்குவாள். "மீதி முப்பத்தெட்டு நிமிஷம் எங்க போச்சு சார்?"

அந்த முப்பத்தெட்டு நிமிடத்தை வைத்துத்தான் நான் வாழ்நாள் முழுக்கச் சம்பளம் வாங்கினேன்.

டிஸ்பாட்சர் என்றால் என்ன என்று கேட்கிறவர்களுக்கு: விமானம் எந்த வழியாக, எந்த உயரத்தில், எவ்வளவு எண்ணெயோடு, எவ்வளவு எடையோடு போகவேண்டும் என்று தரையில் உட்கார்ந்து திட்டம் போடுகிறவன். வானிலை அறிக்கையையும் ஓடுபாதை பற்றிய அறிவிப்புகளையும் படித்து, கேப்டனிடம் நாலு தாளை நீட்டி, "இன்னிக்கு இப்படி" என்று சொல்கிறவன். கேப்டனுக்கு நட்சத்திரக் கோடு போட்ட சட்டை. எங்களுக்குக் கழுத்தில் ஒரு அட்டை. நான் அதிகமும் பார்த்தது சின்னத் தடங்கள்தான்: சென்னையிலிருந்து தூத்துக்குடி, மதுரை, திருச்சி மாதிரி ஏ.டி.ஆர். ஓடுகிற தடங்கள். வெளிநாட்டு நெடுந்தடம் பார்த்த நண்பர்கள் என்னைக் கொஞ்சம் இளக்காரமாகப் பார்ப்பார்கள். பத்து மணி நேரப் பயணத்தில் ஐந்து நிமிடம் தொலைந்தால் தெரியாது. நாற்பது நிமிடப் பயணத்தில் ஐந்து நிமிடம் தொலைந்தால் மறுமுனையில் ஒருவர் கைக்கடிகாரத்தைத் தூக்கிக் காட்டுவார். எது கஷ்டம் என்று அவர்களே சொல்லட்டும்.

தூரத்தில் தகராறு கிடையாது. நாங்கள் கிலோமீட்டரில் பேசுவதில்லை, நாட்டிக்கல் மைலில்தான். ஒரு நாட்டிக்கல் மைல் 1.852 கிலோமீட்டர். அட்சரேகையில் ஒரு பாகைக்கு அறுபது கலை. ஒரு கலைக்குக் கிட்டத்தட்ட ஒரு நாட்டிக்கல் மைல். இதை விளங்கவைக்கச் சென்னையும் பலாலியும் போல வசதியான ஜோடி கிடையாது. இரண்டும் ஏறத்தாழ ஒரே தீர்க்கரேகையில், 80 பாகைக்குச் சற்றுக் கிழக்கே இருக்கின்றன. ஆகவே விமானம் நேர் தெற்கே போனால் போதும். மீனம்பாக்கம் 12 பாகை 59 கலைக்குச் சற்று மேலே. பலாலி 9 பாகை 47 கலைக்குச் சற்று மேலே. கழித்தால் 3 பாகை 12 கலை. அறுபதால் பெருக்கிக் கூட்டினால் 192. கால்குலேட்டர் தொடாமலே தூரம் வந்துவிட்டது. பிள்ளைகள் முகத்தில் வரும் வெளிச்சத்துக்காகவே இந்தக் கணக்கை வருஷாவருஷம் போடுகிறேன்.

திருச்சி–பலாலிக்கு இந்தக் குறுக்குவழி செல்லாது, அது சாய்ந்த கோடு. தென்கிழக்காக 126 பாகை திசையில், 99 நாட்டிக்கல் மைல். வரைபடத்தில் அளவுகோல் வைத்துக் கோடு இழுத்தால் புதுக்கோட்டை மாவட்டத்தின் வடகோடியைத் தொட்டு, பட்டுக்கோட்டைக்குச் சற்றுத் தெற்கே போய், அதிராம்பட்டினத்துக்கும் மல்லிப்பட்டினத்துக்கும் நடுவில் கரையைத் தாண்டும். அதற்குமேல் பாக் நீரிணை. ஏறத்தாழப் பாதித் தூரம் தரை, பாதித் தூரம் தண்ணீர். நிஜத்தில் விமானம் அளவுகோல் பிடித்துப் போவதில்லை. வகுத்து வைத்த வான்வழிகளிலும் புள்ளிகளிலும் போகவேண்டும். நடுக்கடலில் சென்னைக் கட்டுப்பாட்டிலிருந்து கொழும்புக் கட்டுப்பாட்டுக்குக் கைமாற வேண்டும். இதில் சில மைல் கூடும். ஆனால் மாயமான முப்பத்தெட்டு நிமிடம் அங்கே இல்லை.

அது ஏறுவதிலும் இறங்குவதிலும் இருக்கிறது. கிழக்குத் திசைக்குப் போகிற விமானத்துக்கு ஒற்றைப்படை உயரம், மேற்கே வருவதற்கு இரட்டைப்படை. பலாலிக்குப் போகும்போது 13,000 அடி என்று வைத்துக்கொள்வோம். ஏ.டி.ஆர். நிறைபாரத்தோடு அந்த உயரத்தை எட்டப் பத்துப் பதினொரு நிமிடம் ஆகும். அதற்குள் முப்பத்தைந்து மைல் போயிருக்கும், மெதுவாக. இறங்குவதற்கு ஆயிரம் அடிக்கு மூன்று மைல் என்பது எல்லா விமானிக்கும் மனப்பாடம். பதின்மூன்று மூன்று முப்பத்தொன்பது, வேகம் குறைக்கக் கொஞ்சம் சேர்த்தால் நாற்பத்திரண்டு மைல். முப்பத்தைந்தும் நாற்பத்திரண்டும் எழுபத்தேழு. தொண்ணூற்றொன்பதில் அதைக் கழித்தால் மிச்சம் இருபத்திரண்டு. அந்த 510 கிலோமீட்டர் வேகம் செல்லுபடியாகிற தூரம் இந்த இருபத்திரண்டு மைல் மட்டுமே. ஐந்து நிமிடம். பணிப்பெண் வண்டியை இழுத்துக்கொண்டு நாலாவது வரிசையைத் தாண்டுமுன் இறக்கம் தொடங்கிவிடும்.

அடுத்தது ஓடுபாதை. பயணிகள் இதைக் கவனிப்பதில்லை. எங்களுக்கோ பாதி வேலை இதில்தான். திருச்சி ஓடுபாதை கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. எதிர்காற்றில் ஏறுவதும் இறங்குவதும் விதி. ஆடி மாதத்தில் மேல்காற்று வீசும்போது மேற்குப் பார்த்துக் கிளம்ப வேண்டும். போகவேண்டிய ஊர் தென்கிழக்கே. விமானம் மேற்கே ஏறி, வளைந்து, கிளம்பிய இடத்தைத் தாண்டி மறுபடி வரவேண்டும். இரண்டு மூன்று நிமிடம் போயிற்று. பலாலியின் ஓடுபாதை வடகிழக்கு–தென்மேற்கு. அதே ஆடிக் காற்றில் அங்கே தென்மேற்குப் பார்த்து இறங்க வேண்டும். வடமேற்கிலிருந்து வருகிற விமானம் குடாநாட்டுக்கு வடகிழக்கே கடல்மேல் சுற்றி வந்து முகம் திருப்ப வேண்டும். இன்னும் நாலைந்து நிமிடம். கார்த்திகையில் காற்று மாறினால் திருச்சியில் கிழக்குப் பார்த்துக் கிளம்பி அப்படியே போய்விடலாம்.

வேடிக்கை என்னவென்றால், ஆடியில் போகும்போது காற்று முதுகில் தள்ளுகிறது. ஆகவே சீக்கிரம் போகும் என்றுதான் பிள்ளைகள் எழுதுவார்கள். கணக்குப் போடச் சொல்வேன். இருபது நாட், அதாவது மணிக்கு இருபது நாட்டிக்கல் மைல், பின்காற்று முழுத் தூரத்துக்கும் கிடைத்தாலும் லாபம் ஒன்றரை நிமிடம். அந்தக் காற்றே ஓடுபாதையை மாற்றி ஆறேழு நிமிடத்தைப் பிடுங்கிக்கொள்கிறது. திரும்பி வரும்போது எதிர்காற்று. ஆனால் கிழக்கிலிருந்து வந்து திருச்சியில் மேற்குப் பார்த்து நேரே இறங்கிவிடலாம். தாமதமாக வரவேண்டியது முன்னதாக வந்து நிற்கும். காற்றுக் கொடுப்பதையும் எடுப்பதையும் தனித்தனியாகப் பார்க்கக் கூடாது என்று முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும்.

இப்படி எல்லாம் சேர்த்தாலும் வானத்தில் இருக்கிற நேரம் முப்பத்தைந்து, நாற்பது நிமிடம். மிச்சம் தரையில். சக்கரத்துக்கு வைத்த கட்டையை எடுத்த நொடி முதல், மறு ஊரில் கட்டை வைக்கிற நொடி வரை உள்ளதுதான் டிக்கெட்டில் அச்சாகும் நேரம். அதை பிளாக் டைம் என்போம். எஞ்சினைக் கிளப்ப அனுமதி, டாக்சி என்று நாங்கள் சொல்கிற தரை ஊர்தல், இறங்க வருகிற இன்னொரு விமானத்துக்காக ஓடுபாதை முனையில் காத்திருப்பது எல்லாம் அதற்குள் அடக்கம். அதற்குமேல் ஐந்தோ பத்தோ நிமிடம் கையிருப்பாகச் சேர்ப்பது எல்லாக் கம்பெனியிலும் உண்டு. பதினைந்து நிமிடத்துக்குள் இருந்தால் 'நேரத்துக்கு வந்தது' என்றுதான் கணக்கு. ஐம்பது நிமிடத் தடத்துக்கு அறுபது என்று போட்டுவிட்டு, "பத்து நிமிடம் முன்னதாக வந்து சேர்ந்தோம்" என்று மைக்கில் பெருமையாக அறிவிப்பதைக் கேட்டால் எனக்கே சிரிப்பு வரும். ஏமாற்று என்று சொல்லமாட்டேன். அந்தப் பத்து நிமிடம் இல்லாவிட்டால் சாயங்காலம் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

ஒரு ஏ.டி.ஆர். ஒரு நாளில் ஆறு, ஏழு தடவை ஏறி இறங்கும். காலை முதல் பயணத்தில் பதினைந்து நிமிடம் போனால் அது அன்றைக்கு முழுக்கக் கூடவே வரும். வழியில் பிடித்துவிட முடியாது, ஏனென்றால் பிடிப்பதற்கு வழியே இல்லை; மட்டமாகப் பறப்பது ஐந்து நிமிடம். விமானியை வேகமாக ஓட்டச் சொல்லி மிச்சம் பிடிப்பது அரை நிமிடம். பத்தாயிரம் அடிக்குக் கீழே 250 நாட் வேகத்துக்கு மேல் போகக்கூடாது என்ற விதி ஜெட்டுக்கும் உண்டு. சென்னை–திருச்சி 158 நாட்டிக்கல் மைல். அந்தத் தடத்தில் ஜெட் ஏ.டி.ஆரைவிட ஒன்றரை மடங்கு வேகமான பிராணி, ஆனால் பத்துப் பதினைந்து நிமிடம்தான் முன்னே போய் நிற்கும். அதற்கு அது குடிக்கிற எண்ணெயைப் பார்த்தால் ஏ.டி.ஆர். ஏன் இன்னும் நம் ஊர்களைச் சுற்றிக்கொண்டிருக்கிறது என்பது புரியும்.

ஆக, நேரத்தைச் சம்பாதிக்கிற இடம் தரைதான். ஏ.டி.ஆர். வந்து நின்றவுடன் நடப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்கவேண்டும். பெரிய விமானங்களின் வாலில் இருக்கும் துணை எஞ்சின் இதில் இல்லை. அதற்குப் பதில் வலது எஞ்சினை ஓடவிட்டு, அதன் விசிறியை மட்டும் பிரேக் போட்டு நிறுத்திவிடுவார்கள். எஞ்சின் உறுமும், விசிறி அசையாது. உள்ளே ஏ.சி.யும் விளக்கும் அதிலிருந்துதான். இதற்கு ஹோட்டல் மோடு என்று பேர். பின்னாலிருந்து காற்று பலமாக அடித்தால் இதைப் போடக்கூடாது. எஞ்சினை நிறுத்திவிட்டுத் தரை ஜெனரேட்டர் வண்டியைக் கூப்பிட வேண்டும். சித்திரை மாத மத்தியானத்தில் திருச்சித் தளத்தில் அந்த வண்டி வரத் தாமதமானால் உள்ளே இருப்பவர்கள் வெந்துவிடுவார்கள். ஏறும் கதவு இடதுபுறம் பின்னால். எல்லாரும் ஒரே நேரத்தில் வால் பக்கம் ஏறி நின்றால் விமானம் வாலைத் தரையில் இடித்துக்கொண்டு மூக்கைத் தூக்கிவிடும் என்பதால் வாலுக்கடியில் ஒரு முட்டுக்கம்பு மாட்டுவார்கள். சுமைக்கு ஒரு அறை முன்னால், விமானி அறைக்கும் பயணிகளுக்கும் நடுவில். பெட்டிகள் முன்னால், ஆட்கள் பின்னால். தராசு மாதிரி சமன்செய்து லோட் ஷீட் போட்டுக் கொடுப்பது என் வேலை. முப்பது பேர்தான் வந்திருக்கிறார்கள், எல்லாரும் பின்வரிசை கேட்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்றால் நாலு பேரை முன்னால் மாற்றச் சொல்லவேண்டும். "காசு குடுத்து ஜன்னல் சீட்டு வாங்கியிருக்கேன்" என்று ஒருவர் எழ மறுப்பார். விமானம் சமநிலையில் பறக்க வேண்டும் என்று விளக்கினால் பயந்துவிடுவார். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வாக்கியம் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு மூன்று நிமிடம்.

எண்ணெய்க் கணக்கும் சின்னத் தடத்தில் தலைகீழ். பலாலிக்குப் போக 400, 450 கிலோ எரியும். அங்கே இறங்க முடியாவிட்டால் திரும்பித் திருச்சிக்கு வர அதே அளவு வேண்டும். அதற்குமேல் அரை மணி நேரம் வானத்தில் சுற்ற எண்ணெய், டாக்சிக்கு, எதிர்பாராததற்கு என்று சேர்த்தால், எரிப்பதைப்போல் இரண்டு மடங்கைச் சும்மா சுமந்துகொண்டு போகிறது விமானம். போகிற ஊருக்கு ஒரு பங்கு, போகாத ஊருக்கு இரண்டு பங்கு.

போகாத ஊர் என்றதும் ஒரு கோடைச் சாயங்காலம் நினைவுக்கு வருகிறது. அப்போது நான் மதுரையில் இருந்தேன். திருச்சிக்கு மதுரையும், மதுரைக்குத் திருச்சியும் மாற்று நிலையங்கள். வான்வழி 123 கிலோமீட்டர். சாலை வழி விராலிமலை, துவரங்குறிச்சி, கொட்டாம்பட்டி, மேலூர் என்று சுமார் 140. சென்னையிலிருந்து திருச்சிக்குப் போன ஏ.டி.ஆர். இடிமழையில் இறங்க முடியாமல் சுற்றிச் சுற்றி, கடைசியில் எங்கள் தளத்துக்கு வந்து நின்றது. திருச்சியில் மேகம் எப்போது விலகும் என்று யாருக்கும் தெரியவில்லை. படிக்கட்டுப் பக்கம் வந்தார் ஒரு பெரியவர், வேட்டி, கையில் மருந்துப் பை.

"தம்பி, எங்க ஊரு துவரங்குறிச்சி. இங்கேயே எறங்கிக்கிறேன். இங்கேருந்து ஒண்ணே கால் மணி நேரம். திருச்சி போனாலும் நான் மதுரை ரோட்டுலதான் திரும்பி வரணும்."

அவர் சொன்னதில் ஒரு எழுத்துக் குறை கிடையாது. இரண்டு விமான நிலையத்துக்கும் நட்ட நடுவில் இருக்கிற ஊர் அது. ஆனால் அவர் இறங்கினால் முன்னறையைத் திறந்து அவர் பெட்டியைத் தேடி எடுக்க வேண்டும். ஆள் இல்லாமல் பெட்டி பறக்கக் கூடாது. லோட் ஷீட்டைத் திரும்பப் போடவேண்டும். இவர் கேட்டதைப் பார்த்து மேலூர்க்காரர் ஒருவர் எழுந்தார். பிறகு "நானும் டாக்சியிலயே திருச்சி போயிடறேன்" என்று ஒரு இளைஞர். விமானிகளின் பணிநேரம் ஒரு பக்கம் கரைகிறது. கேப்டன் என்னைப் பார்த்தார், நான் வானிலைத் தாளைப் பார்த்தேன். இன்னும் அரை மணிக்குக் கிளம்ப வழியில்லை என்பது தெளிவாகத் தெரிந்ததால் இறக்கிவிட்டோம். பெட்டிகளை எடுத்து முடிக்கிற நேரத்தில் திருச்சி மேகம் திறந்தது. உள்ளே இருந்தவர்கள் எங்களைத் திட்டினார்கள். விமானம் கிளம்பிப் போய்ச் சேர்ந்து, பெட்டி வாங்கி, வாசலுக்கு வந்தபோது அந்த டாக்சி இளைஞரும் ஏறத்தாழ அதே நேரத்துக்குத் திருச்சியில் இருந்தார் என்று பிறகு தெரிந்தது. பெரியவர் எல்லாருக்கும் முன்னால் வீட்டில் சாப்பிட்டு முடித்திருப்பார்.

டிக்கெட்டில் அச்சான நேரம் பொய்யாகத் தெரிந்த காலமும் உண்டு. இலங்கை 1996-இல் தன் கடிகாரத்தை முன்னுக்குத் தள்ளியது. முதலில் ஒரு மணி நேரம், பிறகு அரை மணியாகக் குறைத்தது. 2006 ஏப்ரலில் பழையபடி நம் நேரத்துக்கே திரும்பியது. இடைப்பட்ட வருஷங்களில் கொழும்பில் பத்து மணிக்குக் கிளம்பிய விமானம் திருச்சியில் பத்தரைக்கு இறங்கியதாக டிக்கெட் சொல்லும். திரும்பும்போது ஒன்றரை மணி நேரம். விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகள் அந்த மாற்றத்தை ஏற்காமல் பழைய நேரத்திலேயே இருந்தன. ஒரு தீவுக்குள்ளேயே இரண்டு கடிகாரம். எங்களுக்குத் தொந்தரவில்லை. விமானத் தாள்கள் எல்லாமே கிரீன்விச் நேரத்தில்தான்.

பலாலித் தடம் புதிதில்லை. ஏர் சிலோன் 1947 டிசம்பர் 10 அன்று தன் முதல் பயணத்தை டகோட்டா விமானத்தில் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு நடத்தியது. காங்கேசன்துறை என்று அன்று சொன்னது இன்றைய பலாலியைத்தான். டகோட்டாவின் வேகத்தை வைத்துப் பார்த்தால் பலாலியிலிருந்து சென்னைக்கு ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம். இன்றைய ஏ.டி.ஆர். டிக்கெட்டும் அதைச் சுற்றித்தான் நிற்கிறது. பிறகு போர் வந்தது. பலாலி மறுபடி சர்வதேச நிலையமாகத் திறந்தது 2019 அக்டோபரில். சென்னையிலிருந்து விமானம் வந்தது நவம்பரில். நாலு மாதத்தில் கொரோனா. மீண்டும் 2022 டிசம்பரில். திருச்சித் தடம் 2025 மார்ச் 30 அன்று தொடங்கியது. கோடைக்கால அட்டவணை உலகமெங்கும் அமலுக்கு வரும் மார்ச் கடைசி ஞாயிறு அது.

பலாலியில் பன்னாட்டு விமானம் இல்லாத காலத்தில் யாழ்ப்பாணத்துக்காரர் திருச்சிக்கு வர, இரவு பஸ்ஸில் ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தெற்கே கொழும்புப் பக்கம் போய், அங்கிருந்து விமானம் ஏறி, போன தூரம் அத்தனையும் வடக்கே திரும்பி வரவேண்டும். 99 மைலுக்கு ஒரு பகலும் ஒரு இரவும். இப்போது ஒரு மணி நேரம் என்கிறோம். பன்னாட்டுப் பயணம் என்பதால் மூன்று மணி நேரம் முன்னதாக வரச் சொல்கிறார்கள். குடிவரவு வரிசை, பெட்டி, சுங்கம். எங்கள் தாளில் அதற்கெல்லாம் கட்டம் கிடையாது. நாகப்பட்டினத்துக்காரர் என்னிடம் கேட்டால் 2023-இல் தொடங்கி, நின்று, 2024-இல் திரும்பத் தொடங்கிய காங்கேசன்துறைக் கப்பலைத்தான் சொல்வேன். நாலு மணி நேரம் கடலில், கடல் ஒத்துழைத்தால். அவர் திருச்சி வந்து சேர்கிற நேரத்துக்கு அது சரியாகப் போய்விடும். தஞ்சாவூர்க்காரருக்கு விமானம்.

பட்டுக்கோட்டைக்காரர்தான் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர். அவர் தஞ்சாவூர் வழியாக மேற்கே நூறு கிலோமீட்டர் போகவேண்டும், இரண்டு மணி நேரத்துக்கு மேல். மூன்று மணி நேரம் காத்திருந்து விமானம் ஏறவேண்டும். ஏறிப் பதினைந்து நிமிடத்தில், இடப்பக்க ஜன்னல் கிடைத்திருந்தால், கீழே தென்னந்தோப்புகளுக்கு நடுவில் அவர் காலையில் கிளம்பிய வீடு போகும். போன வருஷம் வகுப்பில் அந்த ஊர்ப் பையன் ஒருவன் இருந்தான். கணக்கை முடித்துக் கோட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, "சார், எங்க ஊர்ல ஒரு ஸ்டாப்பிங் போடக்கூடாதா?" என்றான்.